மூன்று வண்டிப் பாகங்களில் ஒரு டர்போ: ஹட்டன் ஏற்றத்தில் கலப்பு டர்போவின் தரம் எப்படி?

மேசையில் இருப்பது ஒரே டர்போ, ஆனால் மூன்று வண்டிகளுக்குச் சொந்தமானது. எக்சோஸ்ட் பக்கத்து இரும்பு ஹவுசிங், டர்பைன் வீல், ஷாஃப்ட், நடு உடல் எல்லாம் பழைய மிட்சுபிசி பஜேரோவின் 4டி56 என்ஜினோடு வந்த டிடி04. காற்றுப் பக்கத்து அலுமினிய ஹவுசிங்கும் கொம்பிரசர் வீலும் ஒரு சுபாரு பெற்றோல் காரில் இருந்தவை. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுத்தவை. எக்சோஸ்ட் வாயு டர்பைன் வீலைச் சுற்ற, அதே ஷாஃப்டில் உள்ள கொம்பிரசர் வீல் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும்; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். பூஸ்ட் அளவு மீறாமல் எக்சோஸ்ட் வாயுவை விலக்கிவிடும் கதவை (வேஸ்ட்கேட்) திறக்கும் அக்சுவேட்டர் வேறொரு டீசல் வேனில் கழற்றியது. இவற்றைப் பொருத்திக் கட்டியது ஹட்டன் பக்கத்து லேத் பட்டறை ஒன்று. மலைநாட்டில் இதே முறையில் கட்டிக் கொடுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் பட்டறையின் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் இதே இடங்களில்தான் நன்மையும் தீமையும் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீல் தெரிவு சரி. லேத் வேலை மிக நன்று. பேலன்ஸ் முதல் தடவை சரியில்லை, இரண்டாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. பொருத்தும்போது தந்த அறிவுரையில் ஒன்று ஆபத்தானது, அது கீழே வருகிறது.

முதலில் உயரத்தின் கணக்கு. கொழும்பில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1.01 பார். ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது, அங்கே 0.87 பார். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே 0.81 பார்தான். வேஸ்ட்கேட் அக்சுவேட்டர் வெளிக் காற்றோடு ஒப்பிட்டே திறக்கிறது. ஆகவே பூஸ்ட் மீற்றர் எங்கேயும் 0.8 பார் என்றே காட்டும். டர்போவின் உழைப்போ ஒன்றல்ல. கொழும்பில் வெளிக் காற்றை 1.8 மடங்காக அமுக்கினால் போதும், நுவரெலியாவில் 2 மடங்காக அமுக்க வேண்டும். அதாவது அதே 0.8 பாருக்கு மலையில் வீல் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றியும் என்ஜினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 1.81 பாரிலிருந்து 1.61 பாராகக் குறைந்துவிடுகிறது. "மேலே வந்தால் வண்டி இழுக்கவில்லை" என்ற முறைப்பாட்டின் காரணம் இதுதான். உடனே அக்சுவேட்டர் ராடை முறுக்கி 1 பாருக்கு ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். நுவரெலியாவில் 1 பார் என்றால் 2.2 மடங்கைத் தாண்டிய அமுக்கம். தேய்ந்த பழைய சிறிய வீலை அந்த அளவுக்கு ஓட்டினால் காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்கும் வேலையைத்தான் அதிகம் செய்யும்.

சற்றே பெரிய கொம்பிரசர் வீல் இங்கேதான் கைகொடுக்கிறது. "சற்றே" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2.5 லீற்றர் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில், 0.8 பார் பூஸ்டில், நுவரெலியா உயரத்தில் நிமிடத்துக்கு 3.3 கிலோ அளவு காற்றைத்தான் விழுங்கும். 4,000 சுற்றிலும் 7 கிலோவைத் தொடாது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக ஏறும்போது மூன்றாம் கியரில், 1,800 முதல் 2,200 சுற்றுக்குள்தான் வண்டி பெரும்பாலும் இருக்கும். அழுத்தம் அதிகம், காற்றோட்டம் குறைவு. பெரிய வீலுக்கு மிகவும் ஒவ்வாத நிலை இது. வீல் தள்ளிய காற்றை என்ஜின் எடுத்து முடிக்காததால் அது திரும்பிப் பின்னால் அடிக்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் புறா சிறகடிப்பதுபோல "புறுபுறு" என்ற சத்தம் கேட்கும். அதுதான் சர்ஜ். ஒவ்வொரு அடிக்கும் ஷாஃப்ட் முன்னும் பின்னும் தள்ளப்படுவதால் திறஸ்ட் பெயரிங் தேய்ந்துபோகும்.

பட்டறையில் முதலில் காட்டியது இதைவிடப் பெரிய வீல் ஒன்றை. வொல்வோவில் வரும் டிடி04எச்எல் வகை. அதை மறுத்துச் சுபாருவின் 13டி வீலை எடுத்ததுதான் இந்த டர்போவின் மிகச் சரியான முடிவு. கொழும்பு நெடுஞ்சாலையில் 4,000 சுற்றில் ஓடுகிறவருக்குப் பெரிய வீல் பயன்படலாம். கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்து மறுபடி எழ வேண்டிய வண்டிக்கு அது பயன்படாது. டர்பைன் பக்கத்தை மாற்றாமல் விட்டதும் அதே காரணத்தால் சரி. சிறிய டர்பைன் ஹவுசிங் இருந்தால்தான் 2,000 சுற்றுக்குள் பூஸ்ட் எழும்.

பாகம் வாங்கும்போது லேபலைப் படியுங்கள். மிட்சுபிசி டர்போக்களில் 49177 என்று தொடங்கினால் டிடி04, இந்த 4டி56 குடும்பம். 49377 என்றால் டிடி04எல், சுபாருவில் வருவது. 49189 என்றால் டிடி04எச்எல். "டிடி04 எல்லாம் ஒன்றுதான்" என்று கடையில் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். எல், எச்எல் என்ற அந்த எழுத்துகள் டர்பைன் வீல் வேறு என்பதைச் சொல்கின்றன. கொம்பிரசர் வீலை வேனியரால் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: காற்று நுழையும் வாய், வெளியேறும் பெரிய விளிம்பு, ஷாஃப்ட் போகும் நடுத்துளை. வாய் 42 மி.மீ., விளிம்பு 56 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 42ஐ 56ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 100ஆல் பெருக்குங்கள். 56 வரும். அதுதான் டிரிம். விளிம்பு ஒன்றாயிருந்து டிரிம் கூடிய வீல் அதிகக் காற்றை எடுக்கும், ஆனால் குறைந்த சுற்றில் சர்ஜுக்கும் அருகே போகும். நடுத்துளை ஷாஃப்டோடு ஆட்டமில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். மெல்லிய தகடு சுற்றி இறுக்கிய வீலை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். இறுக்கமாக இருந்தால் வீலைச் சுடுநீரில் போட்டு எடுத்து இறக்கலாம், சுத்தியலால் தட்டக் கூடாது. வீலின் முதுகு தட்டையா வளைவா என்பதையும் பாருங்கள். வளைந்த முதுகுள்ள வீலை, அதன் பின்னால் வரும் தட்டையான தட்டில் (பேக்பிளேட்) வைத்தால் மையம் இடிக்கும், அல்லது விளிம்பில் வேண்டாத இடைவெளி விழும்.

லேத் வேலைக்கு வருவோம். சுபாரு ஹவுசிங்கின் வாய் 4டி56இன் பேக்பிளேட்டைவிடப் பெரியது. பட்டறை அலுமினியக் கட்டியில் ஒரு வளையம் கடைந்து இடையில் போட்டிருக்கிறது. வளையத்தில் ஓ-ரிங் (காற்று ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரக் காடி வெட்டியிருக்கிறார்கள். 2 மி.மீ. தடிப்பு ஓ-ரிங்குக்குக் காடியின் ஆழம் 1.55 மி.மீ.; இருபது முதல் இருபத்தைந்து வீத நசுக்கம் என்ற விதிக்குள் வருகிறது. காடியின் அடி கண்ணாடிபோல இருக்கிறது, கூரான விளிம்பு ஒன்றுகூட இல்லை, விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. இப்படிப் பொறுமையாக வெட்டிய காடியை மலைநாட்டில் அடிக்கடி காண முடியாது. குறை ஓ-ரிங்கில்தான்: போட்டிருந்தது சாதாரணக் கறுப்பு நைற்றைல் ரப்பர். 2 மடங்கு அமுக்கத்தில் 20 பாகைக் காற்று உள்ளே போனால் ஏறத்தாழ 110 பாகையாக வெளியே வரும், டர்பைன் பக்கத்துச் சூடு வேறு. நைற்றைல் சில மாதத்தில் கல்லாகிவிடும். சூடு தாங்கும் விட்டோன் ரப்பர் கேளுங்கள், விலை வித்தியாசம் பெரிதல்ல.

வீலுக்கும் ஹவுசிங் சுவருக்கும் இடைவெளி 0.3 மி.மீ. அளவில் சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. 0.25க்குக் குறைந்தால் சூட்டில் உரசும், 0.45ஐத் தாண்டினால் காற்று வீலின் மேலால் பின்னுக்கு ஒழுகிப் பூஸ்ட் மந்தமாகும். இடைவெளி அளக்கும் தகடு (ஃபீலர் கேஜ்) போகாத வளைவுப் பகுதியைச் சோதிக்க எளிய வழி உண்டு. வீல் இதழ்களின் நுனியில் மார்க்கர் பேனா மையைப் பூசி, கூட்டி, ஷாஃப்டை ஒரு பக்கமாக அழுத்தியபடி கையால் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மை அழிந்த இடத்தில் உரசுகிறது. இதில் எங்கும் அழியவில்லை.

இனிப் பேலன்ஸ். கலப்பு டர்போக்கள் சாகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த அளவு டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்று ஓடும். மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி 0.1 கிராம், அதாவது சில அரிசி மணி எடை, கூடுதலாக இருந்தால் அந்த வேகத்தில் ஷாஃப்டை 50 கிலோ எடைக்குச் சமமான விசை ஒரு பக்கம் இழுக்கும். பெயரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை தடிப்புள்ள ஒயில் படலம் மட்டுமே. முதல் தடவை தந்தபோது கம்பி முனையில் உருட்டிப் பார்க்கும் பேலன்ஸ் மட்டுமே செய்திருந்தார்கள். கொம்பிரசர் நட்டிலும் வீலின் மூக்கிலும் அரைத்த தடம் ஒன்றுகூட இல்லை. 0.5 பாரைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் சைரன்போல ஏறி இறங்கும் ஊளை வந்தது. திருப்பிக் கொடுத்தபோது பட்டறை வாதாடவில்லை, கூடுதல் பணமும் கேட்கவில்லை. கொழும்புக்கு அனுப்பி, வீல்களோடு கூட்டிய நடு உடலை (கோர்) வேகத்தில் சுழற்றி அதிர்வை அளக்கும் விஎஸ்ஆர் இயந்திரத்தில் சரிசெய்து, அதன் தாளோடு கொடுத்தார்கள். இப்போது நட்டின் ஓரத்தில் பளிச்சென்று இரண்டு சிறு வெட்டுகள் தெரிகின்றன. அந்த வெட்டும் அந்தத் தாளும் இல்லாத கலப்பு டர்போவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பேலன்ஸ் செய்தபின் ஷாஃப்ட் முனை, நட்டு, வீல் மூன்றின் மேலாகவும் ஒரு கோடு கீறி வைக்கச் சொல்லுங்கள். பின்னர் யாராவது கழற்றினால் அதே கோட்டில் பூட்டலாம். கழற்றும்போது நட்டின் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். டர்போக்களில் இடமரை நட்டு அடிக்கடி வரும். தெரியாமல் வழக்கமான திசையில் பலமாகத் திருகினால் ஷாஃப்ட் நுனி ஒடியும், டர்பைன் வீல் ஷாஃப்டோடு ஒன்றாக வெல்ட் ஆனது என்பதால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பெயரிங் கிட் புதிது. முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்தால் 0.06 மி.மீ. வந்தது. 0.03 முதல் 0.09 வரை சரி, 0.1ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். இந்த ஆட்டம் கைக்குத் தெரியாது. கையில் "டக்" என்று உணர முடிந்தால் அது ஏற்கெனவே தேய்ந்த டர்போ. பக்க ஆட்டம் கொஞ்சம் தெரிவது இயல்பு, ஒயில் படலம் நிரப்பும் இடம் அது. இரண்டு முனையிலும் ஒயிலைத் தடுப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங்போன்ற மெல்லிய உலோக வளையம். ஒயில் தடையில்லாமல் கீழே வடிந்தால்தான் அது வேலை செய்யும். தேய்ந்த என்ஜினில் அதன் அடிப்பெட்டியின் (கிராங்கேஸ்) உள்ளழுத்தம் கூடினால் ஒயில் வடியாமல் தேங்கி எக்சோஸ்டுக்குள் போய் நீலப் புகை வரும். பழி டர்போவில் விழும். ஆகவே கலப்பு டர்போ கட்டுமுன் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை தள்ளிக்கொண்டு வந்தால் பணத்தை முதலில் என்ஜினுக்குச் செலவழியுங்கள்.

காற்று ஹவுசிங்கை பஜேரோவின் குழாய்க்கு நேராகத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். அதைப் பிடிக்கும் பெரிய சேர்கிளிப்பின் சரிவான பக்கம் வெளியே பார்க்க வேண்டும், அது சரியாக இருந்தது. ஒயில் வடியும் வாய் நேர் கீழிலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது. இதில் பத்துப் பாகைக்குள் இருக்கிறது.

மேலே சொன்ன ஆபத்தான அறிவுரை இதுதான்: "ஒயில் லைனுக்கு சிலிகோன் பூசி இறுக்குங்கள், தண்ணீர் லைனை அடைத்துவிடலாம்." இரண்டையும் செய்யாதீர்கள். பிதுங்கிய சிலிகோன் துணுக்கு வடிகால் வாயில் தொங்கினாலே ஒயில் தேங்கும், உள் வரும் லைனில் விழுந்தால் பெயரிங் காய்ந்துவிடும். கேஸ்கட் மட்டும் போதும். தண்ணீர் லைன் மலை வண்டிக்குத்தான் அதிகம் வேண்டும். ஏற்றம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் உடனே நிறுத்தும்போது, சிவந்த டர்பைன் பக்கத்திலிருந்து சூடு நடுவுக்கு ஏறி ஒயிலைக் கருக்குவதைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். லைன் இருந்தாலும் இரண்டு நிமிடம் ஐடில் விட்டு நிறுத்துவது நல்லது.

பொருத்தும் நாளில் ஒயிலும் ஃபில்டரும் புதிது போடுங்கள். டர்போவுக்கு வரும் ஒயில் குழாயைக் கழற்றி உள்ளே கரி இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் குழாயையே மாற்றுங்கள். பழைய டர்போ உடைந்து போயிருந்தால் காற்றுக் குழாய்கள் முழுவதையும் கழுவ வேண்டும், உள்ளே கிடக்கும் ஒரு அலுமினியத் துணுக்கு புதிய வீலைக் கடித்துவிடும். பிறகு உள் வாயில் சுத்தமான ஒயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றுங்கள். என்ஜின் பற்றாமல் இருக்க, டீசல் பம்ப்பில் டீசலை அடைக்கும் ஸ்டொப் சொலனோயிட்டின் வயரைக் கழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து விநாடி வீதம் ஸ்டார்ட்டரைச் சுற்றி, வடிகால் வாயில் ஒயில் வருவதைக் கண்ணால் பார்த்தபின் வயரைப் பூட்டி என்ஜினைப் போடுங்கள். முதல் மூன்று நிமிடம் அக்சிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம்.

அக்சுவேட்டர் வேறு வண்டியுடையது என்பதால், ரெகுலேட்டர் உள்ள காற்றுக் குழாயில் மாட்டிச் சோதிக்க வேண்டியிருந்தது. 0.65 பாரில் ராட் அசையத் தொடங்கியது. ராடை 2 மி.மீ. இழுத்துப் பூட்டினால் கதவு இறுக மூடியிருக்கும். அந்த அளவில் ஓட்டத்தில் 0.8 பாரில் நின்றது. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதே இங்கு தரும் பரிந்துரை.

பூஸ்ட் கூடினாலும் டீசல் கூடாவிட்டால் இழுவை வராது. 4டி56இன் டீசல் பம்ப் தலையில் பூஸ்டை உணரும் டயஃபிரம் இருக்கிறது. அதன் உள்ளே உள்ள பல் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஏற்றத்தில் மெல்லிய சாம்பல் புகை மட்டும் தெரியும் அளவில் நிறுத்த வேண்டும். முழு டீசல் ஸ்குரூவை முறுக்கிக் கறும்புகை கக்க வைப்பது இந்த என்ஜினைக் கொல்லும் வழி. இதன் ஹெட் அலுமினியம். வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு விழுவது இதன் பழைய நோய். டர்போவுக்கு முன் எக்சோஸ்ட் மனிஃபோல்டில் வெப்பமானி ஒன்று பூட்டி, நீண்ட ஏற்றத்தில் 700 பாகைக்குள் வைத்திருங்கள். அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இல்லாத வண்டியென்றால் இது இன்னும் முக்கியம். ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும் வண்டிக்கு இந்த டர்போவைப் பூட்டவே கூடாது.

வீதியில் பார்த்தது: பழைய டிடி04 2,200 சுற்றுக்கு மேல்தான் முழுப் பூஸ்ட் தந்தது. இது 2,000 அருகில் 0.8ஐத் தொடுகிறது. பழையதன் தேய்ந்த நிலையும் இதில் சேர்ந்திருக்கிறது, எல்லாப் புகழும் புதிய வீலுக்கல்ல. கினிகத்தேனையில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்த இரண்டு வளைவுகளை இப்போது மூன்றாம் கியரிலேயே தாண்டலாம். தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏறும்போது ஐந்து பேரோடும் வெப்பம் 680 பாகையில் நின்றது. சர்ஜ் சத்தம் ஒரே ஒரு நிலையில் கேட்டது: நான்காம் கியரில் 1,600 சுற்றில் முழுவதும் மிதித்தால். அப்படி மிதிப்பது எந்த டர்போவுக்கும் நல்லதல்ல, கியரைக் குறையுங்கள். பெற்றோல் கார் ஹவுசிங்கின் வாய் கோணம் வேறாக இருப்பதால் ஏர் ஃபில்டர் ஹோஸ் மடிகிறது. பட்டறை தந்த மெல்லிய ஹோஸ் முழு இழுவையில் உறிஞ்சி ஒட்டிக்கொண்டது. உள்ளே கம்பி சுற்றிய ஹோஸ் போட்டபின் சரியானது.

தோட்டத்து மண் வீதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி ரப்பரும் டர்போவின் ஒரு பாகம்தான். அங்கே ஒழுகும் தூசி வீல் இதழின் முன்விளிம்பை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

500 கிலோமீற்றர் ஓடியபின் என்ஜின் ஆறியிருக்கும்போது டர்பைன் கிளாம்ப்பையும் மனிஃபோல்ட் நட்டுகளையும் மறுபடி இறுக்கி, காற்று ஹோஸைக் கழற்றி வீலின் மூக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இதழ் நுனியில் உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பட்டறை தரும் உத்தரவாதம் ஆறு மாதம், ஆனால் கோடு கீறிய நட்டை வேறு கை தொட்டிருந்தால் செல்லாது. ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள், 15டபிள்யூ-40.